குட்டை வெட்சியால் தரையை மூடுவது எப்படி: புதிதாகத் தொடங்குபவர்களுக்கு

இட்லிப்பூ என்கிற வெட்சியை ஆளுயர வேலியாகத்தான் பலரும் பார்த்திருப்பார்கள். அதிலேயே முழங்கால் உயரத்தில் நிறுத்தி வைக்கக்கூடிய குட்டை வகைகள் உண்டு. அவற்றை நெருக்கி நட்டுச் சரியாக வளர்த்தால், இடையில் மண்ணே தெரியாமல் இலையும் பூவுமாகத் தரையை மூடிவிடும். களை குறையும், மண்ணின் ஈரம் காயாது, வெயிலான இடங்களில் வருஷத்தின் பெரும்பகுதி பூ இருக்கும். வண்ணத்துப்பூச்சிகளும் வரும். வெட்சிப்பூவின் குழல் நீளமாகவும் மெல்லிசாகவும் இருப்பதால், நீண்ட உறிஞ்சுகுழல் உள்ள பெரிய வண்ணத்துப்பூச்சிகளுக்கு அது மிகவும் பிடித்தமான பூ.

ஆனால் இது தானாகப் படர்ந்து வேர்விடும் கொடி கிடையாது. ஒவ்வொரு செடியும் நட்ட இடத்திலேயே நின்று கிளைவிடும் புதர். பக்கத்துப் பக்கத்துச் செடிகளின் கிளைகள் ஒன்றோடொன்று கலக்கும்போதுதான் தரை மூடும். அதனால் எல்லாமே இரண்டு விஷயங்களில் அடங்கியிருக்கிறது: எவ்வளவு நெருக்கி நடுகிறீர்கள், முதல் வருஷம் எப்படிக் கிள்ளிவிடுகிறீர்கள். முதல் வருஷப் பூவுக்கு ஆசைப்படுபவர்களுக்குக் கடைசியில் கிடைப்பது தனித்தனியாக நிற்கும் குச்சிச் செடிகள். அந்தப் பூவை விட்டுக்கொடுக்க மனம் வந்தால் மீதி எல்லாம் எளிது.

எந்த வகையை வாங்குவது

வெட்சியில் நூற்றுக்கணக்கான இனங்கள் உண்டு. காபிச் செடியின் குடும்பம்தான் இதுவும். தோட்டத்துக்கு வருபவற்றில் பெரும்பாலானவை தென்னிந்தியாவையும் இலங்கையையும் தாயகமாகக் கொண்ட செவ்வெட்சியிலிருந்தும், சீன வெட்சியிலிருந்தும், இவற்றின் கலப்பிலிருந்தும் வந்தவை. தரைமூடிக்கு வேண்டியது சிறிய இலை உள்ள குட்டை வகை. தைவான் குட்டை என்ற பெயரில் பரவலாகக் கிடைப்பது அதில் முக்கியமானது. அதன் இலை 2.5 முதல் 5 சென்டிமீட்டர் நீளம்தான் இருக்கும். சும்மா விட்டால் 60 முதல் 90 சென்டிமீட்டர் உயரம் போகும். கவாத்து செய்து, அதாவது கிளைகளை அளவாக வெட்டி, 40 சென்டிமீட்டரில் எளிதாக நிறுத்தலாம்.

இலை உள்ளங்கை நீளம் இருந்தால் அது பெரிய வகை, வாங்காதீர்கள். ‘வெட்டி வெட்டிக் குட்டையாக வைத்துக்கொள்ளலாம்’ என்று நர்சரியில் சொல்வார்கள். வைத்துக்கொள்ளலாம்தான், ஆனால் பூ கிடைக்காது. காரணம் கவாத்துப் பகுதியில் வருகிறது.

பூத்துக் குலுங்கும் உயரமான செடியை விட, பூவே இல்லாமல் அடியிலிருந்து நான்கைந்து கிளை விட்ட குள்ளச் செடி மேல். இலையைத் திருப்பி அடிப்பக்கம் பாருங்கள். பழுப்பான சிறு செதில்களோ வெள்ளை மாவோ ஒட்டியிருந்தால் அந்த வரிசையையே விட்டுவிடுங்கள். நூறு செடி நடும் இடத்தில் ஒரு செடியில் வரும் செதில்பூச்சி மற்ற எல்லாவற்றுக்கும் போகும். எல்லாச் செடிகளையும் ஒரே நேரத்தில், ஒரே இடத்திலிருந்து வாங்குவது நல்லது. ஒரே பெயரில் விற்கும் செடிகளே பூ நிறத்திலும் வளர்ச்சி வேகத்திலும் வேறுபடும். தனிச் செடியாக இருந்தால் தெரியாது, ஒரே பரப்பாக நிற்கும்போது திட்டுத் திட்டாகத் தெரியும்.

இடம்

தினமும் குறைந்தது ஐந்தாறு மணி நேரம் நேரடி வெயில் விழ வேண்டும். நிழலில் செடி சாகாது. கணு இடைவெளி நீண்டு, இலை நெருக்கமில்லாமல், பூ குறைந்து நிற்கும். மரத்தடிக்கு வேறு செடியைப் பாருங்கள். ஆட்கள் குறுக்கே நடக்கும் இடத்துக்கும் இது உதவாது, மிதித்தால் கிளை ஒடியும். உறைபனி விழும் ஊரில் தரையில் நடவே வேண்டாம். வெப்பநிலை 10 டிகிரிக்குக் கீழே போனாலே இலையில் பழுப்புத் திட்டுகள் வரத் தொடங்கிவிடும்.

நீர் வடிகிறதா என்று பார்க்க ஓர் அடி ஆழத்தில் குழி தோண்டித் தண்ணீர் நிரப்புங்கள். அது வடிந்ததும் மறுபடி நிரப்புங்கள். இரண்டாவது தடவை விட்ட தண்ணீர் நான்கைந்து மணி நேரம் கழித்தும் நின்றால், அங்கே தரைமட்டத்தில் நடக்கூடாது. 15 முதல் 20 சென்டிமீட்டர் உயர்த்திய மேட்டுப்பாத்தி போட்டு நடுங்கள்.

மண்: இங்கே அவசரப்படாதீர்கள்

வெட்சிக்குப் புளிப்பான மண் வேண்டும், அதாவது அமிலத்தன்மை உள்ள மண். மண் புளிப்பா காரமா என்று காட்டும் எண்தான் பி.ஹெச். 7-க்குக் கீழே புளிப்பு, மேலே காரம். அது 5 முதல் 6 வரை இருந்தால் செடி செழிக்கும். 7-ஐத் தாண்டினால் மண்ணில் இரும்புச்சத்து இருந்தும் வேரால் அதை எடுக்க முடியாது, ஏனென்றால் காரமான மண்ணில் இரும்பு கரையாத வடிவத்துக்கு மாறிவிடும். அப்போது எவ்வளவு உரம் போட்டாலும் செடி மஞ்சளாகவே நிற்கும். வெட்சி வளர்ப்பவர்கள் படும் தொல்லைகளில் பாதி இதிலிருந்துதான் வருகிறது.

முதலில் ஒரு எளிய சோதனை. காய்ந்த மண்ணை ஒரு கைப்பிடி எடுத்து அதன்மேல் வினிகர் ஊற்றுங்கள். நுரைத்துப் பொங்கினால் மண்ணில் சுண்ணாம்பு நிறைய இருக்கிறது என்று அர்த்தம். பொங்கவில்லை என்பதற்காக மண் புளிப்பாக இருக்கிறது என்று எடுத்துக்கொள்ள வேண்டாம், பி.ஹெச். தாளிலோ மண் பரிசோதனைக் கூடத்திலோ ஒருமுறை சரியான எண்ணைப் பார்த்துவிடுங்கள். வீட்டுச் சுவரை ஒட்டிய மண்ணைத் தனியாகச் சோதிக்க வேண்டும். கட்டட வேலையில் சிந்திய சிமெண்டும் சுண்ணாம்பும் அங்கே மண்ணோடு கலந்திருக்கும், சுவரிலிருந்தும் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கிக்கொண்டிருக்கும். தோட்டத்தின் நடுவில் 6 என்று வந்த அதே மண், அஸ்திவாரத்தை ஒட்டி 8 என்று வரலாம். அதனால் சுவரிலிருந்து இரண்டு அடியாவது தள்ளி நடுவதே நல்லது.

பி.ஹெச். 6.5 முதல் 7 வரை என்று வந்தால் சரிசெய்ய வழி இருக்கிறது. நன்றாக மக்கிய தொழுவுரம் அல்லது மண்புழு உரத்தை ஒரு சாண் ஆழத்துக்குக் கொத்திக் கலந்து, அதோடு கந்தகத்தூளைச் சதுர மீட்டருக்கு 50 கிராம் அளவில் சேருங்கள். மண்ணில் உள்ள பாக்டீரியாக்கள்தான் கந்தகத்தை அமிலமாக மாற்றுகின்றன. அதற்குச் சூடும் ஈரமும் வேண்டும், மாதக்கணக்கில் நேரமும் வேண்டும். எனவே இதை நடவுக்கு முன்பே செய்துவிட்டு, இரண்டு மூன்று மாதம் கழித்து மறுபடி சோதித்துப் பாருங்கள். வினிகர் ஊற்றியதும் பொங்குகிற மண்ணில் இந்த வேலையைத் தொடங்கவே வேண்டாம் என்பது என் கருத்து. அங்கே இருக்கிற சுண்ணாம்பு, போடுகிற கந்தகத்தையெல்லாம் தின்று தீர்த்துவிடும். அப்படிப்பட்ட இடத்தில் வேறு மண் கொட்டி மேட்டுப்பாத்தி போடலாம், அல்லது காரமண்ணைத் தாங்கும் வேறு தரைமூடிக்குப் போகலாம்.

சாம்பல், முட்டை ஓடு, சுண்ணாம்பு மூன்றையும் இந்தப் பாத்திப் பக்கம் கொண்டுவராதீர்கள். மற்ற செடிகளுக்கு நல்லது என்று பழக்கமாகப் போடுவோம். வெட்சியின் மண்ணை அவை காரமாக்கும்.

நடுவதற்கு முன்பே களையை ஒழியுங்கள்

தரைமூடி களையை அடக்கும் என்பது உண்மை, ஆனால் மூடிய பிறகுதான். செடிகளோடு சேர்ந்து கோரையும் அருகும் வளர்ந்துவிட்டால், பின்னிக்கிடக்கும் கிளைகளுக்குள் கையை விட்டுப் பிடுங்குவது நடக்கிற வேலை இல்லை. கோரை மேலே ஒரு புல்லாகத்தான் தெரியும். மண்ணுக்குள் நூல் போன்ற தண்டில் அடுத்தடுத்துக் கிழங்குகள் கோத்திருக்கும். மேலே பிடுங்கினால் கையோடு வருவது இலை மட்டும், அடியில் இருக்கிற கிழங்குகள் ஒவ்வொன்றாக முளைக்கும்.

ஆகவே பாத்தியைக் கொத்தி, கிடைக்கிற கிழங்கையும் அருகம்புல் தண்டையும் பொறுக்கி எறியுங்கள். பிறகு தண்ணீர் விட்டு, வேண்டுமென்றே முளைக்க விடுங்கள். முளைத்தவற்றைக் கிழங்கோடு தோண்டி எடுங்கள். இப்படி இரண்டு மூன்று சுற்று செய்ய வேண்டும். கடும் வெயில் காலமாக இருந்தால் இன்னொரு வழியும் உண்டு: பாத்தியை நனைத்து, நிறமற்ற பாலித்தீன் தாளை மண்ணோடு ஒட்டி விரித்து, ஓரங்களை மண்ணால் மூடி, நான்கிலிருந்து ஆறு வாரம் விட்டுவிடுங்கள். தாளுக்கு அடியில் ஏறும் சூட்டில் களை விதைகளும் வேரைத் தாக்கும் நுண்ணிய நூற்புழுக்களில் மேல்மண்ணில் உள்ள பெரும்பகுதியும் செத்துவிடும். ஆழத்தில் இருக்கும் கோரைக்கிழங்கு இதற்கும் தப்பிவிடும், அதைத் தோண்டித்தான் ஆக வேண்டும். இந்த இரண்டு மாதம் வீணாகப் போகிறதே என்று தோன்றும். ஆனால் அடுத்த பல வருஷங்களின் வேலையை இந்த இரண்டு மாதம்தான் குறைக்கிறது.

நடவு

செடிகளை நேர்கோட்டுச் சதுரமாக நடாமல், முக்கோண முறையில் நடுங்கள். முதல் வரிசையில் இரண்டு செடிக்கு நடுவில் வரும் இடத்துக்கு எதிரே இரண்டாவது வரிசையின் செடி வர வேண்டும். இடைவெளி சீராக மூடும், நீளமான சந்துகள் விழாது.

எவ்வளவு இடைவெளி என்பது உங்கள் பொறுமையையும் கையிருப்பையும் பொறுத்தது. 30 சென்டிமீட்டர் இடைவெளி என்றால் சதுர மீட்டருக்கு 13 செடி பிடிக்கும், சீக்கிரம் மூடும். 45 சென்டிமீட்டர் என்றால் 6 செடி போதும், ஆனால் மூடுவதற்கு இரண்டு வருஷம்கூட ஆகலாம். நான் பரிந்துரைப்பது 40 சென்டிமீட்டர். அதற்குச் சதுர மீட்டருக்கு 7 செடி தேவைப்படும். 30-ல் நெருக்கினால் முதலில் அழகாக இருக்கும், பிறகு உள்ளே காற்று போகாமல் பூச்சியும் பூசணமும் சேரும். நடைபாதை ஓரத்திலிருந்து முதல் வரிசையை ஓர் அடி உள்ளே தள்ளி நடுங்கள். இல்லாவிட்டால் பின்னால் பாதைக்கு வரும் கிளைகளை ஓயாமல் வெட்டிக்கொண்டிருக்க நேரிடும்.

வெயில் தணிந்த பருவத்தில், முடிந்தால் மழைக்காலத் தொடக்கத்தில், மாலை நேரத்தில் நடுவது நல்லது. பையையோ தொட்டியையோ எடுத்ததும் வேர்ப்பந்தைப் பாருங்கள். வேர்கள் சுவரை ஒட்டி வட்டமாகச் சுற்றியிருந்தால் விரலால் நெகிழ்த்துங்கள், கெட்டியாக இருந்தால் இரண்டு மூன்று இடத்தில் கத்தியால் மேலிருந்து கீழாகக் கீறிவிடுங்கள். அப்படியே நட்டால் வேர் பழைய வட்டத்தை விட்டு வெளியே வராது. வேர்ப்பந்தின் மேல்மட்டமும் தரைமட்டமும் ஒன்றாக இருக்கட்டும், ஆழமாகப் புதைத்தால் தண்டு அழுகும். நட்டதும் நிறைய தண்ணீர் விட்டு, காய்ந்த இலையோ மரப்பட்டைத் தூளோ நான்கைந்து விரல் உயரத்துக்கு மூடாக்குப் போடுங்கள். தண்டைச் சுற்றி மட்டும் ஒரு கை இடம் விட வேண்டும்.

அன்றைக்கே இருக்கிற பூக்கொத்தையெல்லாம் நறுக்கிவிடுங்கள். செடியின் பலம் வேருக்குப் போகட்டும்.

முதல் வருஷம்

வெட்சியில் இலைகள் கணுவுக்கு இரண்டாக, எதிரெதிராக இருக்கும். ஒவ்வொரு இலைக்காம்பின் கக்கத்திலும் ஒரு சிறு மொட்டு தூங்கிக்கொண்டிருக்கும். நுனி வளர்ந்துகொண்டிருக்கும் வரை அந்த மொட்டுகள் எழாது. நுனியைக் கிள்ளினால் அதற்குக் கீழே உள்ள இரண்டு மொட்டும் கிளைக்கும். ஒன்று இரண்டாகும், மறுபடி கிள்ளினால் நான்காகும், அடுத்த தடவை எட்டாகும். தரையை மூடப்போவது இந்தக் கிளைகள்தான்.

நட்டு ஒரு மாதத்துக்குப் பிறகு புதுத்தளிர் விடத் தொடங்கும். அதுவரை தொடாதீர்கள். ஒவ்வொரு தளிரும் மூன்று நான்கு இணை இலை விட்டதும், நுனியில் உள்ள ஓர் இணையைக் கட்டைவிரல் நகத்தால் கிள்ளி எடுங்கள். புதுக்கிளைகள் அதே அளவு வளர்ந்ததும் மறுபடியும் கிள்ளுங்கள். நடுவில் நேராக மேலே போகும் கிளையை எப்போதும் கொஞ்சம் அதிகமாகவே குறையுங்கள், பக்கவாட்டில் சாயும் கிளைகளை நீள விடுங்கள். அப்படிச் செய்தால்தான் செடி உயரத்தை விட்டு அகலத்துக்குப் போகும்.

இடையில் பூமொட்டு வரும். நுனியில் மெல்லிய ஊசிகளைக் கொத்தாகச் செருகி வைத்தது போல நீளும் மொட்டுகளைப் பார்த்தால் கிள்ள மனம் வராது. ஆனாலும் கிள்ளுங்கள். பூக்கொத்து வந்த கிளை, பூ உதிர்ந்து முடியும் வரை நீளாது. பக்கத்துச் செடியின் இலையோடு இந்தச் செடியின் இலை தொடும் நாள் வரை இப்படியே போக வேண்டும். நல்ல வெயிலும் சரியான மண்ணும் இருந்தால், 40 சென்டிமீட்டர் இடைவெளியில் ஒரு வருஷம் ஒன்றரை வருஷத்தில் அந்த நாள் வந்துவிடும். அதன்பிறகு கிள்ளுவதை நிறுத்திவிட்டுப் பூக்க விடலாம்.

முதல் இரண்டு மூன்று வாரம் தினமும் தண்ணீர் தேவைப்படலாம். பிறகு இடைவெளியைக் கூட்டுங்கள். விரலை மண்ணில் இரண்டு கணு ஆழத்துக்கு விட்டுப் பார்த்து, ஈரம் இல்லை என்றால் மட்டும் விடுங்கள். வேர் நிலைத்த பிறகு வாரத்துக்கு இரண்டு தடவை ஆழமாக விடுவது, தினமும் மேலாகத் தெளிப்பதை விட நல்லது. போர்த் தண்ணீர் உப்பும் சுண்ணாம்பும் கலந்ததாக இருந்தால், வாளியில் வெள்ளைப் படிவு விழும். அந்தத் தண்ணீர் நாளடைவில் மண்ணின் பி.ஹெச்-ஐ ஏற்றிவிடும். முடிந்தபோதெல்லாம் மழைநீர் விடுங்கள், வருஷத்துக்கு ஒருமுறை மண்ணைச் சோதியுங்கள்.

கவாத்து

பூ எப்போதும் புதிய கிளையின் நுனியில்தான் வரும். வேலி வெட்டும் பெரிய கத்தரியால் மேலே தட்டையாக வெட்டினால், மொட்டு விடத் தயாராக இருந்த நுனிகள் எல்லாம் ஒரே வெட்டில் போய்விடும். மாதம் ஒருமுறை அப்படி வெட்டினால் வருஷம் முழுவதும் பூவே இருக்காது. பெரிய வகையை வெட்டி வெட்டிக் குட்டையாக்கக் கூடாது என்று சொன்னது இதனால்தான். அதோடு தட்டை வெட்டில் மேலே மட்டும் அடர்ந்து, உள்ளே வெளிச்சம் போகாமல், இலையில்லாத குச்சிகளாகிவிடும். தரைமூடிக்கு அது பெரிய கேடு, ஏனென்றால் ஓரத்திலிருந்து பார்க்கும்போது தெரிவது அந்தக் குச்சிகள்தான்.

கைக்கத்தரி போதும். மற்றவற்றை விட நீண்டு நிற்கும் கிளையைப் பிடித்து, மேற்பரப்புக்கு ஒரு கை அகலம் உள்ளே போய், ஓர் இணை இலைக்கு மேலே வெட்டுங்கள். வெட்டிய இடம் மற்ற இலைகளுக்குள் மறைந்துவிடும். வாடிய பூக்கொத்தை எடுக்கும்போதும் காம்பை மட்டும் நறுக்காமல், அதற்குக் கீழே உள்ள முதல் இலை இணையோடு சேர்த்து எடுத்தால் அடுத்த பூ சீக்கிரம் வரும். வருஷத்துக்கு ஒருமுறை, வெப்பம் கூடி வளர்ச்சி தொடங்கும் பருவத்தில் மட்டும் மொத்த உயரத்தைக் குறைக்கலாம், அதுவும் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வேண்டாம்.

உரமும் மஞ்சள் இலையும்

வளரும் பருவத்தில் இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை மெதுவாகக் கரையும் கலப்பு உரம் கொஞ்சம், அதோடு ஒரு அடுக்கு மக்கிய உரம், இவ்வளவுதான் தேவை. பாஸ்பரஸ் அதிகமான உரம் வேண்டாம், அது இரும்பை வேருக்குக் கிடைக்காமல் கட்டிவிடும். தழைச்சத்துக்கு அம்மோனியம் சல்பேட் பொருத்தமானது, மண்ணையும் கொஞ்சம் புளிப்பாக்கும்.

மஞ்சள் தெரிந்தால் உடனே உரத்தை எடுக்காதீர்கள். எந்த இலை மஞ்சள் என்று முதலில் பாருங்கள். நுனித் தளிர் மஞ்சளாகி, நரம்பு மட்டும் பச்சையாக இருந்தால் இரும்புக் குறை. இரும்பு பழைய இலையிலிருந்து புது இலைக்கு நகராது, அதனால் குறை முதலில் தளிரில்தான் தெரியும். அடியில் உள்ள முதிர்ந்த இலை ஓரத்திலிருந்து மஞ்சளானால் மெக்னீசியம் குறை. முதிர்ந்த இலையில் செம்பழுப்புப் புள்ளிகள் தெளித்தது போல வந்தால் பெரும்பாலும் பொட்டாசியம் குறை. பலர் அதைப் பூசண நோய் என்று நினைத்து மருந்தடிப்பார்கள்.

இரும்புக் குறைக்கு உடனடி உதவியாக, லிட்டருக்கு 5 கிராம் அன்னபேதி (இரும்பு சல்பேட்), ஒரு கிராம் சிட்ரிக் அமிலம் கலந்து மாலையில் இலைமேல் தெளிக்கலாம். பத்து நாள் இடைவெளியில் இரண்டு மூன்று முறை தெளித்தால் புதுத்தளிர் பச்சையாக வரும். தரை ஓட்டிலும் சிமெண்டிலும் பட்டால் துருக்கறை பிடிக்கும், கவனம். மண்ணில் இடுவதாக இருந்தால் செலேட் இரும்பு, அதாவது மண்ணில் கரையாமல் போய்விடாதபடி வேறொரு சேர்மத்தோடு பிணைத்த இரும்பு, வாங்குங்கள். பையில் இ.டி.டி.ஏ. என்று இருந்தால் அது பி.ஹெச். 6.5 வரைதான் சரியாக வேலை செய்யும். காரமண்ணுக்கு இ.டி.டி.ஹெச்.ஏ. என்று போட்டிருப்பதே பொருந்தும். இவை எல்லாம் தற்காலிகம்தான். மண்ணைச் சரிசெய்யாமல் தெளித்துக்கொண்டே இருந்தால், தெளிப்பதை நிறுத்திய அடுத்த தளிரிலேயே மஞ்சள் திரும்பிவிடும்.

பூச்சி

இலைமேல் கரி பூசியது போல இருந்தால் கரியைத் துடைப்பதில் பயனில்லை. மேலே உள்ள கிளையில் அசுவினியோ செதில்பூச்சியோ மாவுப்பூச்சியோ இருக்கும். அவை கழிக்கும் இனிப்பு நீரில்தான் அந்தக் கரும்பூசணம் வளர்கிறது. எறும்பு வரிசை போகிறதா என்று பாருங்கள், அது நேராகப் பூச்சி இருக்கும் இடத்துக்கே அழைத்துப்போகும். கொஞ்சமாக இருந்தால் அந்தக் கிளையை வெட்டி அப்புறப்படுத்துங்கள். பரவியிருந்தால் லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெயைச் சோப்புக் கரைசலில் கலந்து, இலையின் அடிப்பக்கம் நனையும்படி வாரம் ஒருமுறை தெளியுங்கள். உச்சி வெயிலில் தெளித்தால் இலை கருகும்.

காலியிடத்தை நிரப்ப

எவ்வளவு கவனித்தாலும் அங்கங்கே ஓரிரு செடி போய்விடும். அதற்காகப் புதுச்செடி தேடி அலைய வேண்டாம், பக்கத்துச் செடியிலிருந்தே பதியன் போட்டுக்கொள்ளலாம். காலியிடத்தை நோக்கிச் சாய்ந்திருக்கும், பென்சிலை விட மெல்லிய, பாதி முற்றிய கிளையைத் தேர்ந்தெடுங்கள். மண்ணைத் தொடும் இடத்தில் ஒரு கணுவுக்குக் கீழே பட்டையை லேசாகச் சீவி, அந்தப் பகுதியை இரண்டு விரல் ஆழத்தில் புதைத்து, மேலே ஒரு கல்லை வையுங்கள். நுனி ஒரு சாண் வெளியே இருக்கட்டும். ஈரம் காயாமல் பார்த்துக்கொண்டால் இரண்டு மூன்று மாதத்தில் வேர் பிடிக்கும். நுனியைப் பிடித்து மெதுவாக இழுத்துப் பாருங்கள். அசையாமல் எதிர்த்தால், தாய்ச்செடிப் பக்கத்துத் தண்டை முதலில் பாதி வரை மட்டும் வெட்டுங்கள், இரண்டு வாரம் கழித்து முழுவதும் வெட்டலாம். புதுச்செடியைத் தோண்டி எடுக்காமல் அந்த இடத்திலேயே விட்டு, மற்றவற்றைப் போல நுனி கிள்ளத் தொடங்குங்கள்.